தகப்பன் விட்டுப்போன நாற்பது குண்டுகள்

1988 மே 14: 96
1993 அக்டோபர் 2: 410
2001 ஜூன் 30: 57
2007 பிப்ரவரி 17: 1,128
2010 ஆகஸ்ட் 21: 233
2013 மார்ச் 9: 640
கூலி, மொத்தம்: 0 டாலர் 00 சென்ட்

மேலே இருப்பவை 2013 மார்ச் வரை மெர்ல் ஸ்கார் பிரித்துப்போட்ட தோட்டாக்களின் எண்ணிக்கை. எல்லாமே இறந்துபோனவர்கள் அடைத்து வைத்தவை.

எங்கள் ஊரில் ஒருவர் தன் கையால் அடைத்த தோட்டாவை இன்னொருவர் சுடமாட்டார். உள்ளே என்ன வெடிமருந்து, எவ்வளவு மருந்து என்பது அடைத்தவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் உயிரோடு இருக்கும்வரை அதனால் தொல்லை இல்லை. இறந்த பிறகு நிலவறை அலமாரியில் காபி டப்பாக்களிலும் பழைய சிகரெட் பெட்டிகளிலும் நூற்றுக்கணக்கில் தோட்டாக்கள் கிடக்கும். விதவை அவற்றைக் குப்பையில் போட முடியாது, நெருப்பிலும் போட முடியாது, யாருக்காவது கொடுத்தால் வாங்கிக்கொள்ளவும் ஆள் இல்லை. அடக்கம் முடிந்த சில வாரங்களில் மெர்லுக்குப் போன் செய்வாள்.

அவரிடம் ஒரு சுத்தியல் இருந்தது. பார்க்க விளையாட்டுச் சாமான் போல இருக்கும். பிளாஸ்டிக் தலை, உள்ளே பொள்ளல். தோட்டாவை அந்தத் தலைக்குள் தலைகீழாக மாட்டி, மரக்கட்டையின் குறுக்குவெட்டில் ஓங்கி அடித்தால், பித்தளைக் கூடு பின்னால் நின்றுவிடும். குண்டு முன்னால் கழன்று விழும், அதன் பின்னாலேயே மருந்தும் கொட்டும். சில குண்டுகள் ஓர் அடியில் வரும், சில ஐந்தாறு கேட்கும். குண்டையும் கூட்டையும் தனித்தனியே கழுவிக் காயவைத்து, விதவையிடம் கொடுப்பார். அவை மறுபடி பயன்படும், யாரும் வாங்கிக்கொள்வார்கள். மருந்தை மட்டும் யாருக்கும் தரமாட்டார். தன் வீட்டுக் கொல்லையில் ருபார்ப் என்ற புளிப்புத் தண்டுச் செடியின் பாத்தியில் தூவிவிடுவார். செடிக்கு உரம். ஊரிலேயே அவர் வீட்டு ருபார்ப்தான் தடித்த தண்டு. அதை மாவுக்குள் வைத்துப் பை என்னும் பலகாரம் சுடும்போது பெண்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்: "பாத்துச் சாப்பிடுங்க, வெடிச்சிடப் போகுது."

மெர்ல் நாற்பத்தோரு வருடம் ரயில்வேயில் தண்டவாளம் பார்த்தவர். நான் ஊர்த் தானியக் கிடங்கில் லாரி எடை போடும் மேடையில் இருந்தேன். இருவருக்குமே எண்களோடுதான் பிழைப்பு என்பதால் நன்றாக ஒத்துப்போயிற்று. அவர் மனைவி லோரெட்டா 1999-இல் போய்விட்டாள். பிள்ளைகள் இல்லை. சொந்தமென்று மிஞ்சியது ஒரே தம்பி, ராய்ஸ். மொன்டானா மாநிலத்தின் மேற்குக் கோடியில், மலைக்குள், மரம் வெட்டிப் பிழைத்தவன். போன் கிடையாது. தபால்கூட ஏழு மைல் தள்ளி இருக்கும் கடையில்தான் அவனுக்குக் காத்திருக்கும்.

அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுபோனது ஒரு துப்பாக்கியால். அவர்கள் தகப்பன் ஒரே நாளில் ஒரே கடையில் ஒரே மாதிரி இரண்டு ரைஃபிள் வாங்கி, பையன்களுக்கு ஆளுக்கொன்று என்று சொல்லி வைத்திருந்தார். 2002-இல் தகப்பன் இறந்தபோது ராய்ஸ் காலையிலிருந்தே குடிக்கிற ஆளாக இருந்தான். அடக்கத்தன்றே மெர்ல் இரண்டு ரைஃபிளையும் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். "குடிய விட்டதும் வந்து வாங்கிக்க" என்றார். சாவு வீட்டில் முப்பது பேர் முன்னால் சொன்னார். ராய்ஸ் தன் வண்டியில் ஏறிப் போனான்.

2008-இல் ராய்ஸ் குடியை விட்டான். அது எங்களுக்கு ஊர் வழியாகத் தெரிந்தது. ஆனால் அவன் வந்து கேட்கவில்லை. இவரும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. "அவன் வரட்டும்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். 2012 கிறிஸ்துமஸில் மெர்லின் கண்ணில் புரை விழுந்து, ராத்திரியில் வண்டி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொன்னார். அதன் பிறகு ஒருநாள் என்னிடம், "இந்த வசந்தத்துல அவனுக்குக் கொண்டுபோய்க் குடுத்துடறேன்" என்றார். "நீ வண்டி ஓட்டறியா?"

துப்பாக்கியைச் சும்மா கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. தோட்டாவோடு கொடுக்க வேண்டும். தகப்பன் கடைசியாக அடைத்து வைத்துவிட்டுப்போன நாற்பது தோட்டாக்கள் பெட்டியில் இருந்தன. அவற்றைப் பிரித்து, தகப்பனின் அதே குண்டுகளைப் புது மருந்தில் மறுபடி அடைத்து, ஆளுக்கு இருபதாகப் பங்கிடுவதுதான் அவர் எண்ணம். "அப்பா தொட்ட குண்டு. மருந்து மட்டும் என்னோடது" என்றார்.

அந்த வருடம் தொடக்கத்திலிருந்தே கடைகளில் தோட்டா இல்லை, குண்டு இல்லை, மருந்து இல்லை. காரணம் ஆளுக்கொன்று சொன்னார்கள். எங்கள் ஊர்ச் சாமான் கடையில், ஆளுக்கு ஒரு டப்பாதான் என்று எழுதிய அட்டை, ஒரு டப்பாகூட இல்லாத அலமாரியின் முன்னால் மாதக்கணக்கில் தொங்கிக்கொண்டிருந்தது. மெர்ல் சுற்றுவட்டாரம் முழுக்கப் போன் செய்து பார்த்தார். எங்கும் இல்லை.

பிப்ரவரித் தொடக்கத்தில் ஹார்லன் ஆஸ்ட்பி இறந்தார். கோதுமை விவசாயி, மெர்லுக்கு முப்பது வருடப் பழக்கம், வேலையில் கவனம் பிசகாத ஆள். மார்ச்சில் அவர் மனைவி பெர்னடின் கொண்டுவந்த அறுநூற்று நாற்பது தோட்டாக்களோடு ஒரு டப்பா மருந்தும் இருந்தது. மெர்ல் வழக்கமாகப் பயன்படுத்தும் அதே மருந்தின் லேபிள். கால்வாசி மிச்சம்.

மூடி திறந்த டப்பா என்றால் மெர்ல் யோசிக்காமல் பாத்தியில் கொட்டுகிறவர். அன்று கொட்டவில்லை. கொஞ்சம் வெள்ளைத் தாளில் போட்டுப் பார்த்தார். அதே கறுப்பு, அதே குச்சி வடிவம். முகர்ந்து பார்த்தார். கெட்ட வாடை இல்லை. ஹார்லனின் டப்பா ஆயிற்றே என்றும் நினைத்தார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோதுதான் அவர் தகப்பனின் தோட்டாக்களைப் பிரித்தார். நாற்பது குண்டுகளையும் தராசில் நிறுத்தினார். பிடுங்கும்போது மூக்கு நசுங்கியவற்றைத் தனியே வைத்தார். நசுங்காத நல்ல இருபதும் ராய்ஸுக்கு. நசுங்கியவை தனக்கு. முதலில் தன்னுடையதை அடைத்தார். "கை பழகட்டும். அவனோடத கடைசியா, நிதானமா செய்யறேன்" என்றார். ராய்ஸின் இருபதாவது தோட்டாவுக்கு மருந்து போட்டு முடித்தபோது டப்பாவைக் கவிழ்த்துத் தட்ட வேண்டியிருந்தது.

ஏப்ரல் 20 அன்று போய்க் கொடுத்தோம். ராய்ஸ் துப்பாக்கியை வாங்கி, தோட்டாவைத் தள்ளும் பின்பக்கப் போல்ட்டை இழுத்துப் பார்த்து, தோளில் வைத்துப் பார்த்து, "எண்ணெய் போட்டு வெச்சிருக்கியே" என்றான். தோட்டாப் பெட்டியில் மெர்ல் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தான். தேதி, மருந்து, எடை, பிறகு "குண்டுகள்: அப்பா." அந்தச் சீட்டைக் கட்டைவிரலால் இரண்டு முறை தடவினான். அன்று மூவரும் மீன் பொரித்துச் சாப்பிட்டோம். திரும்பும் வழியெல்லாம் மெர்ல் பேசிக்கொண்டே வந்தார். அவரை அப்படி நான் பார்த்ததில்லை.

செப்டம்பர் 22 ஞாயிறு, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் அறுவடை விருந்து. பெர்னடின் எங்கள் மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள். உருளைக்கிழங்கு ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, ஹார்லனைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள்.

"கடைசி ரெண்டு வருஷம் அவருக்கு நினைவு சரியில்ல, மெர்ல். வெளிய யாருக்கும் தெரியாம பாத்துக்கிட்டேன்."

"ஹார்லனுக்கா? எங்கிட்ட நல்லாத்தானே பேசினார்?"

"உங்ககிட்ட பேசுவார். கோதுமை விலை, வானிலை, அதெல்லாம் நாக்குல இருக்கும். வீட்டுல சர்க்கரை டப்பாவுல உப்பக் கொட்டுவார். ஒருநாள் சோப்புத்தூள மாவு டப்பாவுல கொட்டி, நான் கேக் செஞ்சு, பாதிரியாருக்கே குடுத்தேன்." சிரித்தாள். "பாவம், அவர் முழுசா சாப்பிட்டார். எல்லா டப்பாவும் நிறைஞ்சிருக்கணும் ஹார்லனுக்கு. பாதியா இருந்தா பொறுக்காது. இதுல இருக்கறத அதுல, அதுல இருக்கறத இதுல."

மெர்ல் கரண்டியைக் கீழே வைத்தார். "நிலவறைலயும் இருப்பாரா?"

"நாள் முழுக்க அங்கதான் இருப்பார். கதவத் தட்டினாத்தான் மேல வருவார். ஏன்?"

"ஒண்ணுமில்ல" என்றார். எழுந்து கோட்டை எடுத்தார். பைப் பலகாரம் வைத்த தட்டு அப்படியே இருந்தது.

மெர்ல் வீட்டு நிலவறையில் விளக்கைப் போட்டு, அவருடைய தோட்டாக்களை எடுத்தோம். இருபதில் மூன்றைக் கோடையில் சுட்டிருந்தார். ஒன்றும் ஆகவில்லை. மீதிப் பதினேழையும் அடைத்த வரிசையிலேயே பிரித்தார். ஒவ்வொன்றின் மருந்தையும் தனித்தனித் தாளில் கொட்டி, பூதக்கண்ணாடியை என்னிடம் கொடுத்தார். அவர் கண்ணை அவர் நம்பவில்லை.

முதல் பதினைந்தும் ஒரே மாதிரி. கடைசி இரண்டில் சில துகள்கள் குட்டையாகத் தெரிந்தன.

"எத்தனை?"

"நாலு. இல்ல, அஞ்சு."

"வேற மருந்தா? இல்ல உடைஞ்ச துகளா?"

"எப்படிச் சொல்றது, மெர்ல்? குட்டையா இருக்கு. அவ்வளவுதான்."

டப்பாவுக்குள் ஹார்லன் எதைக் கொட்டினாரோ, எப்போது கொட்டினாரோ, அல்லது ஒன்றுமே கொட்டவில்லையோ. அந்தக் குட்டைத் துகள் வேகமாக எரியும் மருந்தாக இருந்தால் துப்பாக்கி தாங்காது. மேலே இருந்தது மெர்லின் தோட்டாக்களுக்குப் போயிற்று. அடியில் இருந்தது முழுவதும் ராய்ஸுக்குப் போயிருந்தது. சோதித்துப் பார்க்க டப்பாவில் ஒரு சிட்டிகைகூட இல்லை.

மறுநாளே மெர்ல் ஹார்லன் சேதியைச் சொல்லி, சுட வேண்டாம் என்று ராய்ஸுக்குக் கடிதம் எழுதினார். பதில் இல்லை. ஒரு வாரம் கழித்து இன்னொன்று. பதில் இல்லை. ராய்ஸின் தபாலை வாங்கி வைக்கும் கடைக்காரி வில்மாவுக்குப் போன் செய்தார்.

"ரெண்டு லெட்டரையும் வாங்கிக்கிட்டுப் போனாரே" என்றாள். "மொதல்ல வந்தத இங்கயே நின்னு படிச்சார்."

"என்ன சொன்னான்?"

"'குடுத்தது அண்ணனுக்கு நெஞ்சு தாங்கல'ன்னார். ஒரு பொட்டலம் ஆணி வாங்கிக்கிட்டுப் போயிட்டார்."

வேட்டைப் பருவம் அக்டோபர் 26 சனிக்கிழமை திறக்கும். 12-ஆம் தேதி நானும் மெர்லும் கிளம்பினோம். ஒன்பது மணி நேர ஓட்டம். மலை ஏறும்போது மழை பனியாக மாறியது. மெர்ல் மடியில் சுத்தியலை வைத்துக்கொண்டு வந்தார்.

ராய்ஸ் விறகு பிளந்துகொண்டிருந்தான். கோடரியை நிறுத்தாமலே கூப்பிட்டான்: "வாங்க தராசுக்காரரே! டிரைவர் வெச்சுக்கிட்டு வர்ற அளவுக்குப் பெரிய மனுஷன் ஆயிட்டானா இவன்?"

"லெட்டர் வந்துதா?" என்றார் மெர்ல்.

"ரெண்டு வந்தது. ரெண்டாவது மொதல் லெட்டரோட நகல்தானே?"

"நகல் இல்ல. மொதல் லெட்டர்ல ஒரு தேதி தப்பா இருந்தது. திருத்தியிருந்தேன்."

ராய்ஸ் என்னைப் பார்த்தான். "பாத்தீங்களா? இவன் செத்தா கல்லறைக் கல்லுல எழுத்துப் பிழை பாக்க எந்திரிச்சு வருவான்."

உள்ளே அழைத்துப் போய்க் காபி கொடுத்தான். அடுப்புக்கு மேலே தகப்பனின் துப்பாக்கி தொங்கியது. கீழே பலகையில் தோட்டாப் பெட்டி, அதே சீட்டோடு. சுவரில் வேறு மூன்று ரைஃபிள்களும் இருந்தன.

"எத்தன சுட்டே?" என்றார் மெர்ல்.

"ரெண்டு. ஜூன்ல, குறி பாக்க. தாள்ல ரெண்டு ஓட்டையும் ஒட்டிக்கிட்டு விழுந்தது. அப்பா இருந்தா கிண்டல் பண்ண எதுவும் கிடைச்சிருக்காது அவருக்கு."

"மிச்சத்த குடுத்துடு, ராய்ஸ். இங்கயே பிரிச்சுடறேன். குண்டெல்லாம் உங்கிட்டயே இருக்கட்டும். வேற மருந்து கிடைச்சதும் அடைச்சுத் தர்றேன்."

"வேற மருந்து எப்ப கிடைக்கும்?"

மெர்ல் கோப்பையின் காதைப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"சொல்லேன். இந்தப் பருவத்துக்குள்ள கிடைக்குமா?"

"கிடைக்காது. அடுத்த வருஷம் பாக்கலாம்."

"அடுத்த வருஷம்." ராய்ஸ் காபிக் கோப்பையை வைத்தான். "பதினோரு வருஷம் உன் பெட்டிக்குள்ள இருந்தது. குடுத்தே. ஆறு மாசம் ஆகல, மறுபடி வந்து நிக்கறே. அந்தத் தடவை என் குடி. இந்தத் தடவை மருந்து."

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

"துப்பாக்கிய எடுத்துக்கிட்டுப் போனா நான் சண்டை போடுவேன்னு, தோட்டாவ மட்டும் கேக்கறே. தோட்டா இல்லன்னா அது வெறும் இரும்புக் குழாய்தானே? இந்தத் துப்பாக்கிக்குச் சேர்ற தோட்டா கடையில எங்கயும் இல்ல, அதுவும் உனக்குத் தெரியும்."

"என்னோட இன்னொரு ரைஃபிள், முப்பது-ஆறுன்னு வேற அளவு, வண்டில இருக்கு. கடைத் தோட்டா ரெண்டு பெட்டி வெச்சிருக்கேன். அத எடுத்துக்க. திருப்பிக்கூடத் தர வேண்டாம்."

ராய்ஸ் சுவரைக் காட்டினான். "எனக்குத் துப்பாக்கிக்குப் பஞ்சமா? அப்பாவோடத எடுத்துக்கிட்டு, அப்பாவோட குண்டுல, ஒரு எல்க் மான். அவ்வளவுதான் கேக்கறேன். எனக்கு அறுபத்தி நாலு வயசாச்சு, மெர்ல். எத்தன வருஷம் மலை ஏறப்போறேன்?"

அடுப்பில் கடைசி விறகைத் தள்ளினான். பிறகு ராய்ஸ் குரலைத் தாழ்த்திக் கேட்டான்:

"சரி, ஒரே கேள்வி. நேராச் சொல்லு. அந்த மருந்து கெட்டதா?"

மெர்ல் அவனைப் பார்த்தார். "தெரியல."

"தெரியலையா?"

"கலந்திருக்கலாம். என்னோடதுல கடைசி ரெண்டுல குட்டைத் துகள் அஞ்சு இருந்தது. உடைஞ்சதாவும் இருக்கலாம்."

நான் மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். அவர் காலை நகர்த்திக்கொண்டார்.

"உன்னோடத நீ சுட்டியா?"

"மூணு."

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல."

ராய்ஸ் சிரித்தான். கோபமான சிரிப்புகூட இல்லை, அலுத்துப்போன சிரிப்பு. "ஹார்லன் உப்பையும் சர்க்கரையும் மாத்திப் போட்டதுக்கு நான் வேட்டைக்குப் போகக்கூடாது." எழுந்து வெளியே விறகெடுக்கப் போனான்.

பலகையில் பெட்டி இருந்தது. கை நீட்டினால் எட்டும். "எடுத்துக் கோட்டுக்குள்ள போட்டுக்க. கிளம்பிடலாம்" என்றேன்.

மெர்ல் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கையை மேஜைமேல் வைத்திருந்தார். "இன்னொரு தடவையா?" என்றார். "ஒரு தடவ அவனக் கேக்காம எடுத்துப் பூட்டினேன். என்னால முடியாது."

ராய்ஸ் விறகோடு உள்ளே வந்தபோது பெட்டி இருந்த இடத்தில்தான் இருந்தது. முதலில் அதைத்தான் பார்த்தான். பிறகு எங்களுக்கு மான் கறி சூப் ஊற்றினான்.  கிளம்பும்போது மெர்ல் சொன்னார்: "சுடாதே, ராய்ஸ். கேட்டுக்கறேன்." ராய்ஸ் அவர் கோட்டுக் காலரைச் சரி செய்துவிட்டு, "ரோடு வழுக்கும், பாத்துப் போங்க" என்றான்.

வண்டியில் நான் பொறுமை இழந்தேன். "கெட்டதுதான்னு அடிச்சுச் சொல்லியிருக்கலாமே!"

"எனக்குத் தெரியாதே."

"தெரிஞ்ச மாதிரி சொல்றதுக்கென்ன? அவன் கண்ணு, கை."

"தண்டவாளத்துல விரிசல் இருக்கலாம்னு நான் எழுதினா ரயில நிறுத்திடுவாங்க. இருக்குன்னு எழுதவேண்டிய அவசியமே வந்ததில்ல. நாப்பத்தோரு வருஷம்."

"ராய்ஸ் ரயில்வே இல்ல, மெர்ல்."

 மலை இறங்கும்வரை அவர் சுத்தியலை மடியில் பிடித்துக்கொண்டே வந்தார். சமவெளிக்கு வந்ததும் வண்டியைத் திருப்பச் சொன்னார். திருப்பினேன். இருபது மைல் போன பிறகு, "வேண்டாம், வீட்டுக்கே போ. போய் என்ன சொல்லப்போறேன்?" என்றார்.

அடுத்த இரண்டு வாரமும் செய்ய வேண்டியதை எல்லாம் செய்தார். வனத்துறைக் காவலருக்குப் போன் செய்தார். ஒருவர் தன் துப்பாக்கியில் தன் தோட்டாவைச் சுடுவதைத் தடுக்கச் சட்டம் இல்லை என்றார் அவர், மரியாதையாகவே. மருந்து செய்யும் கம்பெனிக்குப் போன் செய்தார். குட்டைத் துகளைப் பற்றிக் கேட்டார். பிரித்த மருந்தை உடனே அழித்துவிடுங்கள், அதற்குமேல் எதுவும் சொல்ல முடியாது என்றார்கள். மூன்று மாநிலங்களில் கடை கடையாக மருந்து தேடினார். கடைசியில் இடாஹோவில் ஒரு ஆள் ஒரு டப்பா இருப்பதாகச் சொல்ல, அடுத்த நாள் காலை கிளம்பத் தயாரானோம். ராத்திரியே அதை வேறொருவருக்கு விற்றுவிட்டதாக அவர் கூப்பிட்டுச் சொன்னார். பருவம் திறக்கும் முந்தின நாள் மெர்ல் வில்மாவைக் கூப்பிட்டார்.

"இன்னிக்கு அவன் கடைக்கு வந்தா, நான் கெஞ்சிக் கேட்டேன்னு சொல்லும்மா."

"சொல்றேங்க. நேத்தும் சொன்னேன். 'தெரியலன்னு அவனே சொன்னான்'ங்கறார்."

சனிக்கிழமை முழுக்க மெர்ல் போன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் சாண்ட்விச் கொண்டுபோனேன். ஞாயிறும் அப்படித்தான். தேவாலயத்துக்கு வரவில்லை. திங்களும் ஒன்றும் வரவில்லை. "ஒருவேளை ஒண்ணும் இல்லையோ என்னமோ" என்றேன். "இருக்கலாம்" என்றார்.

செவ்வாய் மதியம் போன் அடித்தது. வில்மா. அவள் முதலில் சொன்ன சொல்: "உயிரோட இருக்கார்."

துப்பாக்கியின் போல்ட் பின்பக்கமாகச் சிதறியிருந்தது. வலது கண் போயிற்று, வலது கையில் இரண்டு விரல். அவனே ஒரு மைல் நடந்து மரம் ஏற்றும் ரோட்டுக்கு வந்திருக்கிறான். லாரிக்காரன் ஒருவன் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறான்.

அன்றே கிளம்பினோம். ஆஸ்பத்திரி வரவேற்பில் மெர்ல் தன் பெயரைச் சொன்னார். நர்ஸ் உள்ளே போய்விட்டு வந்தாள்.

"மன்னிச்சுக்குங்க. உங்களப் பாக்க வேண்டாம்கறார்."

"தூங்கறானா?"

"இல்லைங்க. முழிச்சுத்தான் இருக்கார்."

"அண்ணன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன்." அவள் தயங்கினாள். "அண்ணன்னு சொன்னதுக்கப்புறந்தான் வேண்டாம்னார்."

மெர்ல் தாழ்வாரத்து நாற்காலியில் உட்கார்ந்தார். தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டார். அறைக் கதவு எங்களுக்கு எதிரேதான். ஆட்கள் போகும்போது திறக்கும், மூடும். திறக்கும் ஒவ்வொரு தடவையும் மெர்ல் நிமிர்ந்து உட்காருவார். கட்டிலின் கால்மாடும் போர்வைக்குள் இரண்டு பாதமும் மட்டும்தான் தெரிந்தன. பார்வையாளர் நேரம் முடிந்து விளக்கைக் குறைத்ததும், வெளியே போகச் சொன்னார்கள்.

மெர்ல் 2019-இல் இறந்தார். அதற்கு முன்பும் விதவைகள் போன் செய்தார்கள். மறுக்கவில்லை, எல்லாவற்றையும் பிரித்துக் கொடுத்தார். தனக்கென்று அதன் பிறகு ஒரு தோட்டாவும் அடைக்கவில்லை. ராய்ஸுக்கு ஒவ்வொரு மாதமும் எழுதினார். மன்னிப்பு, மருத்துவச் செலவுக்குக் காசோலை, ஊர்ச் செய்தி. காசோலைகள் வங்கியில் மாறவில்லை. கடிதங்கள் திரும்பி வரவுமில்லை. பார்க்கப் போகலாமா என்று நான் வருடத்துக்கு ஒரு தடவையாவது கேட்பேன். "வராதேன்னிருக்கான்" என்பார்.

அப்படிச் சொன்னது ராய்ஸ் எழுதிய ஒரே கடிதத்தில். கோடு போட்ட தாள், இடது கையால் எழுதியது, எழுத்துகள் சரிந்து சரிந்து கிடந்தன. மெர்ல் தன்னால் படிக்க முடியாமல் என்னிடம் கொடுத்தார். அவர் சமையலறையில் நின்றுகொண்டு நான்தான் படித்தேன்:

"மெர்ல், ஆஸ்பத்திரில நீ வெளிய உக்காந்திருந்தது தெரியும். இருமல் கேட்டது. நீங்க ரெண்டு பேரும் வந்துட்டுப் போன மறுநாளே கோபத்துல ரெண்டு சுட்டேன். நல்லாத்தான் போச்சு. அதனால உன்ன நம்பல. எல்க் எண்பது கஜத்துல நின்னது, நல்ல ஆண். அது ஓடிப் போச்சு. மிச்சத்த ஆத்துல போட்டுட்டேன், அப்பாவோட குண்டையும் சேர்த்து. நீ சொன்னது சரி. ஆனா நீ சொல்லல, இருக்கலாம்னுதான் சொன்னே. நான் குடிகாரன்னு எல்லார் முன்னாடியும் அடிச்சுச் சொன்னவன், இத மட்டும் ஏன் அடிச்சுச் சொல்லல? பதில் எழுதாதே. எழுதினா படிப்பேன், அதான் எழுதாதேங்கறேன். இங்க வராதே. ராய்ஸ்."

மெர்ல் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, உறையில் இருந்த தபால் முத்திரை என்ன தேதி என்று கேட்டார். சொன்னேன். நான்கு நாள் வழியில் இருந்திருக்கிறது. அவர் தபால் பெட்டிக்கு அது வந்து சேர்ந்தது 2013 டிசம்பர் 3, செவ்வாய்க்கிழமை.